வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுவோம்: சிறு வியாபாரமும் இணையதளமும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் அதற்கென ஒரு நிலையமும் உண்டு. பேருந்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் பார்ப்பவர்களுக்கு அது மற்றுமொரு பேரூராட்சிதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆரணியின் பெயரை நாடு முழுவதும் கொண்டு சென்ற பட்டுச் சேலைகள் நெய்யப்படுவது இந்த வட்டாரத்தில்தான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவு பெயர் இருந்தும் ஒரு குறை தொடர்கிறது. நிக்காஹ்வுக்கோ பெருநாளுக்கோ சேலை எடுக்க நினைக்கும் ஒரு குடும்பம் கைபேசியை எடுத்து 'ஆரணி பட்டுச் சேலை' என்று தேடினால், பெரும்பாலும் முன்னால் வந்து நிற்பவை பெரிய நகரத்துக் கடைகளும், எல்லா ஊர்ச் சரக்கையும் விற்கும் பெரிய தளங்களும்தான். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்பவரின் பெயர் அங்கே தென்படுவதில்லை. நெய்தவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவே எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை பங்கு நெய்தவருக்குக் குறைகிறது. இந்த வருமானத்தை நம்பித்தான் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் இருக்கின்றன.

இதை மாற்றப் பெரிய முதலீடு தேவையில்லை. ஓர் எளிய இணையதளமும், அதில் தொடர்ந்து எழுதும் பழக்கமும் போதும். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது, எவ்வளவு காலம் எழுதுவது என்பதைக் கண்ணமங்கலத்துச் சேலை வியாபாரத்தையே உதாரணமாக வைத்து இந்தக் கட்டுரையில் பார்ப்போம். தையல், கேட்டரிங், மரவேலை, டியூஷன் என எந்தத் தொழில் செய்பவரும் இதைத் தமக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளலாம்.

சரக்கைப் பற்றி எழுதுவது புதிய வழக்கம் அல்ல

விற்பனைக்காக எழுதுவது இணையம் வந்த பிறகு முளைத்த யோசனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895ல் 'தி ஃபர்ரோ' என்ற இதழைத் தொடங்கியது. வயலை எப்படிப் பராமரிப்பது என்று விவசாயிகளுக்குச் சொல்வதே அதன் வேலை. அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது. பிரான்ஸில் டயர் செய்யும் மிஷலின் சகோதரர்கள் 1900ல் வாகன ஓட்டிகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாட்டில் இருந்த கார்கள் 3,000க்கும் குறைவு. அவர்கள் அச்சிட்டதோ சுமார் 35,000 பிரதிகள். டயர் எப்படி மாற்றுவது, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம் என்று அதில் இருந்தது. மக்கள் காரில் அதிகம் சுற்றினால் டயர் தேயும், புது டயர் விற்கும் என்பது அவர்கள் கணக்கு.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. அது கொஞ்சம் கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் துணிக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தக் காலத்தில், 1866ஆம் ஆண்டில், ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாகத் தொகுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், எடை, விலை, எங்கே வாங்கியது போன்ற விவரங்களைக் குறித்து வைத்தார். இந்தியர் என்ன உடுத்துகிறார்கள் என்பதை இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள் தெரிந்து கொண்டு, அதேபோல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நோக்கம்.

நம் சரக்கைப் பற்றி நாம் எழுதி வைக்காவிட்டால், வேறொருவர் எழுதுவார். எழுதியவர் கைக்கே சந்தையும் போகும்.

தேடுபவர் யார்?

எழுதத் தொடங்கும் முன், யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிய வேண்டும். கண்ணமங்கலத்துக் கடைக்கு வரக்கூடியவர்களை யோசித்துப் பார்ப்போம்.

முதலாவது, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் குடும்பங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள், ஊருக்கு வருவதற்கு முன்பே கைபேசியில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, வேலூருக்கு வருபவர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து ஏராளமானோர் வந்து, பல நாட்கள் தங்குகிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது. 'வேலூருக்குப் பக்கத்தில் பட்டு எங்கே வாங்கலாம்' என்று தேடுபவர்கள் இவர்களில் நிச்சயம் இருப்பார்கள். தமிழ் தெரியாத இவர்களுக்காக ஆங்கிலத்திலும், முடிந்தால் இந்தியிலும் ஒரு பக்கம் இருந்தால் நல்லது.

மூன்றாவது, வேறு ஊர்களில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களும். இவர்கள் ஒரு சேலைக்காக வருவதில்லை. நம்பிக்கையான ஒருவரைத் தேடி வருகிறார்கள். கிடைத்துவிட்டால் பல வருடங்கள் தொடர்வார்கள்.

இந்த மூன்று பேருக்கும் கேள்விகள் வேறு. 'எங்களிடம் தரமான சேலைகள் நியாயமான விலையில் கிடைக்கும்' என்ற ஒற்றை வாசகம் மூவரில் எவருக்கும் பதில் ஆகாது. அந்த வாசகம் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

முதல் வேலை: ஒரு கேள்வி நோட்டு

எதைப் பற்றி எழுதுவது என்று தெரியவில்லையே என்பதுதான் பலரின் தயக்கம். இதற்கு வழி மிக எளியது. கல்லாப் பெட்டி பக்கத்தில் 40 பக்க நோட்டு ஒன்றை வைக்க வேண்டும். கடைக்கு வருபவரும் போனில் அழைப்பவரும் வாட்ஸ்அப்பில் விசாரிப்பவரும் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் நோட்டில் இப்படிப்பட்ட கேள்விகள் சேர்ந்திருக்கும்:

- "பாய், இது சுத்தப் பட்டுதானா? எப்படி நம்புறது?"
- "ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன வித்தியாசம்?"
- "கைத்தறியா, விசைத்தறியா?"
- "ஜரிகை கறுத்துப் போகுமா?"
- "வீட்டிலேயே துவைக்கலாமா?"
- "கல்யாணத்துக்கு ஒரே மாதிரி பத்து சேலை வேணும். எத்தனை நாளாகும்?"
- "பிடிக்கலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?"

ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை. கடையில் ஒருவர் கேட்கும் கேள்வியை, கடைக்கு வராத நூறு பேர் கைபேசியில் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். நாம் வாயால் தினமும் சொல்லும் பதிலை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால், கடை பூட்டிய பிறகும் அது பதில் சொல்லிக் கொண்டிருக்கும்.

தலைப்பையும் வாடிக்கையாளரின் வார்த்தையிலேயே வைக்க வேண்டும். 'பட்டின் தூய்மை குறித்த ஓர் ஆய்வு' என்று யாரும் தேடுவதில்லை. 'சுத்தமான பட்டு எப்படிக் கண்டுபிடிப்பது' என்றுதான் தேடுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடுபவர்களும், வாயால் சொல்லித் தேடுபவர்களும் அதிகம். எனவே பேச்சுக்கு நெருக்கமான தலைப்பே பயன் தரும்.

ஒரு பதில் எப்படி இருக்க வேண்டும்?

நோட்டில் உள்ள முதல் கேள்வியை எடுத்துக் கொள்வோம். சுத்தப் பட்டா என்று எப்படி அறிவது? இதற்குப் பதில் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"சேலையின் தைக்காத ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எடுங்கள். கவனமாக ஒரு தட்டின் மேல் வைத்து நெருப்புக் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும். மிஞ்சும் சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, கெட்டியான மணி போல் உருளும். பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று பட்டாகவும் மற்றொன்று கலப்பாகவும் இருக்கலாம். சேலையில் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004ல் வந்த முத்திரை. பட்டு சுத்தமானது என்பதற்கே அது சான்று. கையால் நெய்ததா என்பதற்கு ஹேண்ட்லூம் மார்க் என்ற வேறு முத்திரை இருக்கிறது."

இவ்வளவுதான். இதில் எங்கேயும் 'எங்களிடம் வாங்குங்கள்' என்று இல்லை. ஆனால் இதைப் படித்த ஒரு பெண்மணி, இந்தக் கடைக்காரருக்குத் தொழில் தெரியும், மறைக்க மாட்டார் என்று புரிந்து கொள்கிறார். கடைசி வரியில் கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கும் இதே முறைதான். பொதுவாக ஆரணிச் சேலை காஞ்சிபுரம் சேலையை விட எடை குறைந்தது, விலையும் குறைந்தது. நாள் முழுக்க உடுத்திக் கொண்டு விருந்தினரைக் கவனிக்க வேண்டிய மணமகளின் தாய்க்கு எடை குறைந்த சேலை வசதி. மணப்பெண்ணுக்குக் கனமான கோர்வைக் கரையும் அடர்ந்த ஜரிகையும் வேண்டும் என்றால் காஞ்சிபுரம் அதற்குப் பெயர் பெற்றது. இப்படி இரண்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்ச் சரக்கைக் குறை சொல்லி நம் சரக்கை உயர்த்தத் தேவையில்லை. யாருக்கு எது பொருந்தும் என்று சொன்னாலே பொருந்துகிறவர் தேடி வருவார்.

சேலையைப் பாதுகாப்பது பற்றியும் தவறாமல் எழுத வேண்டும். பட்டை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுவது, அத்தரையும் சென்ட்டையும் ஜரிகை மேல் படாமல் பார்த்துக் கொள்வது ஆகியவை சிறிய விஷயங்கள்தான். ஆனால் பெருநாள் அன்று அத்தர் பூசும் நம் வீடுகளில், ஜரிகை ஏன் கறுத்தது என்ற கேள்வி வருடம் தவறாமல் வரும். வாங்கிய பிறகும் உதவி செய்யும் கடையை மக்கள் மறப்பதில்லை.

விலையை எழுதலாமா?

வியாபாரிகள் பெரும்பாலும் தவிர்ப்பது இதைத்தான். 'விலையைப் போட்டால் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும், வாடிக்கையாளர் பயந்து விடுவார்' என்று எண்ணுகிறார்கள்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்ற சிறு நிறுவனம் இருக்கிறது. 2008ல் பொருளாதாரம் சரிந்தபோது, நீச்சல் குளம் யாருக்கு வேண்டும் என்ற நிலை. நிறுவனம் மூடும் அளவுக்குப் போனது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், விளம்பரத்துக்குப் பணம் இல்லாததால், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி நிறுவனத்தின் தளத்தில் போடத் தொடங்கினார். முதலில் எழுதியவற்றில் ஒன்று, ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கான பதில். அந்தத் துறையில் மற்றவர்கள் வாய் திறக்காத விஷயம் அது. அவரும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. எது எதைப் பொறுத்து விலை கூடும், எதனால் குறையும் என்று விளக்கினார். தேடியவர்கள் அவரிடம் வந்தார்கள், நிறுவனம் மீண்டது. பின்னர் தன் அனுபவத்தை 2017ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

நாமும் அப்படியே செய்யலாம். பட்டு நூல் விலை ஏறி இறங்கும். எனவே இன்றைய விலை என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது. சேலையின் விலையை முடிவு செய்பவை எவை என்று எழுதலாம்: பட்டின் எடை, ஜரிகை வெள்ளி கலந்ததா அல்லது சாதாரண ஜரிகையா, கைத்தறியா விசைத்தறியா, கரையின் அகலம், முந்தானையில் வேலைப்பாடு, நெய்ய ஆகும் நாட்கள். பிறகு, நம் கடையில் எந்த விலையிலிருந்து எந்த விலை வரை சேலைகள் உள்ளன என்று மாதத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதலாம். விலை மாறும்போது அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். விலை தெரிந்து வருபவரிடம் பேரம் பேசும் நேரம் மிச்சமாகும். அந்த விலை கட்டாதவர் வீணாக அலைவதும் குறையும்.

படமும் பெயரும்

1935ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையுடன் அதை நெய்த நெசவாளரின் படமும் பெயரும் உள்ள சிறு அட்டையை இணைத்தது. சேலை அதே சேலைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்ததும், வாங்குபவரின் பார்வை மாறுகிறது.

கண்ணமங்கலத்துக் கடைக்காரரும் இதைத் தன் தளத்தில் செய்யலாம். பாவு தோய்ப்பது, சாயம் ஏற்றுவது, தறியில் பாவு பிணைப்பது, முந்தானை நெய்வது என ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கம் எழுதினால் அது பெரிய நகரத்துக் கடைகளால் எளிதில் செய்ய முடியாத பக்கம். அவர்களிடம் கண்ணாடி அலமாரி இருக்கிறது, தறி இல்லை.

பெண்களின் படங்களை இணையத்தில் போடுவதில் நம் குடும்பங்களுக்குத் தயக்கம் உண்டு. அதற்காக எழுதுவதையே நிறுத்த வேண்டாம். தறியில் இருக்கும் சேலை, நெய்யும் கை, விரித்துப் போட்ட முந்தானை, வெயிலில் தெரியும் நிறம் ஆகியவையே போதுமானவை. ஆட்களைப் படம் எடுப்பதாக இருந்தால் அவர்களின் சம்மதம் கேட்டே எடுக்க வேண்டும். நிறம் சரியாகத் தெரிய, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து எடுக்க வேண்டும். படத்தை மெருகேற்றி நிறத்தை மாற்றினால், சேலை கையில் கிடைத்த அன்று வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும்.

சொந்த இடம் அவசியம்

'இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் இருக்கும்போது இணையதளம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் டிக்டாக்கில் சரக்கைக் காட்டி வாடிக்கையாளரைச் சேர்த்த சிறு வியாபாரிகள் இருந்தார்கள். அத்தனை உழைப்பும் ஒரே இரவில் காணாமல் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கின. பிறர் திண்ணையில் கடை விரிப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

எனவே எழுத்தின் வீடு சொந்தத் தளமாக இருக்கட்டும். கடையின் பெயரில் ஒரு முகவரி வாங்கி, வேர்ட்பிரஸ் போன்ற எளிய வசதியில் தளம் அமைக்கலாம். பணம் செலவழிக்க இயலாதவர்கள் கூகுளின் பிளாகரில் இலவசமாகத் தொடங்கலாம். அங்கே எழுதியதன் சுருக்கத்தையும் படத்தையும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டு, முழுவதும் படிக்கத் தளத்துக்கு அழைக்கலாம். முகவரியைக் கடைக்காரர் தன் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தளம் செய்து கொடுப்பவர் பெயரில் பதிவாகி, பிறகு மீட்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. கடவுச்சொல்லும் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது கட்டாயம். இது இலவசம். கடை திறக்கும் நேரம், ஜும்ஆ நேரத்தில் மூடியிருக்கும் என்ற குறிப்பு, கடையின் முகப்புப் படம், கண்ணமங்கலம் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வேலூரில் இருந்தபடி தேடுபவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பலர் முதல் வாரத்தில் பத்துக் கட்டுரை போட்டுவிட்டு, அடுத்த ஆறு மாதம் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசிப் பதிவு இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், கடை இன்னும் நடக்கிறதா என்ற சந்தேகம் வரும். அடிக்கடி எழுதுவதை விட விடாமல் எழுதுவதே முக்கியம். மாதம் இரண்டு போதும். வருடத்துக்கு 24 பதில்கள். இரண்டு வருடத்தில் அந்தத் தொழிலின் ஒரு சிறிய கையேடே உருவாகிவிடும்.

எழுதும் காலத்தையும் திட்டமிட வேண்டும். எழுதியது தேடலில் மேலே வரக் காலம் பிடிக்கும். தளத்தில் செய்யும் மாற்றங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. எனவே பெருநாள் சேலை பற்றிப் பெருநாளுக்கு முந்தைய வாரம் எழுதிப் பயனில்லை. ரமலானும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டுத் தேதியைப் பார்த்துத் திட்டமிடவும் கூடாது. ரமலானுக்கான கட்டுரை ரஜப் மாதத்துக்குள் தளத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஹிந்து சகோதரர்கள் ஆவணியிலும் தையிலும் வைக்கும் திருமணங்களுக்கு, வியாபாரம் மந்தமாக இருக்கும் ஆடி, மார்கழி மாதங்களில் எழுதி வைக்கலாம். தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7, தறியைப் பற்றி எழுதப் பொருத்தமான நாள்.

முதல் சில மாதங்கள் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். அப்போது விட்டுவிடுபவர்களே அதிகம். விதைத்த மறுநாள் யாரும் அறுவடைக்கு அரிவாள் எடுத்துச் செல்வதில்லை.

குடும்பமே செய்யலாம்

கடைக்காரருக்கு எழுத நேரமும் பழக்கமும் இல்லாமல் இருக்கலாம். அத்தா பதிலைச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோ கைபேசியில் பதிவு செய்து எழுத்தாக்கலாம். சேலையைப் பராமரிக்கும் முறைகள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நன்றாகத் தெரியும். வாரத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மாதம் இரண்டு கட்டுரை தாராளமாக முடியும். வெளியே சென்று வேலை பார்க்க வசதிப்படாத பெண்களுக்கு இது வீட்டிலிருந்தே தொழிலில் பங்கெடுக்கும் வாய்ப்பு. அந்த உழைப்புக்கு உரிய பங்கையும் கொடுக்க வேண்டும்.

தொழிலின் நுணுக்கங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வருவது இதில் கிடைக்கும் இன்னொரு பலன். ஊடையில் எத்தனை இழை முறுக்குவது, எந்தச் சாயம் எந்த நீரில் பிடிக்கும் என்ற அறிவு பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் காலத்தோடு அதுவும் போய்விடாமல் எழுத்தில் நிற்கும்.

செய்யக் கூடாதவை

முதலில், பிறர் எழுதியதை நகல் எடுத்துப் போடக் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் பத்துக் கட்டுரை எழுதிக் கொடுக்கின்றன. எழுத்துப் பிழை திருத்தவும் மொழிபெயர்க்கவும் அவை உதவும். ஆனால் உங்கள் தறியில் சென்ற வாரம் நடந்தது அவற்றுக்குத் தெரியாது. 2022 ஆகஸ்டில் கூகுள், தேடலுக்காகச் செய்யப்பட்டதை விட மனிதர்களுக்காக எழுதப்பட்டதற்கே முன்னுரிமை தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், எழுதுபவரின் நேரடி அனுபவத்தையும் தரத்தின் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது. நேரடி அனுபவம் சிறு வியாபாரியிடம்தான் நிறைய இருக்கிறது.

இரண்டாவது, பொய் விமர்சனம் எழுதக் கூடாது. உறவினர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும் இதில் அடங்கும். இணைய விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் தனி விதிமுறையே வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு.

மூன்றாவது, விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், கலப்பைச் சுத்தப் பட்டு என்றும் எழுதக் கூடாது. விசைத்தறிச் சேலைக்கும் வாங்குபவர் உண்டு. அதை அப்படியே சொல்லி விற்கலாம். சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த பாடம். வாயால் சொன்னது காற்றில் போகலாம். எழுதி வைத்தது சாட்சியாக நிற்கும்.

பலனை அறிவது எப்படி?

தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஆயிரம் பேர் பார்த்து ஒருவரும் அழைக்காததை விட, முப்பது பேர் பார்த்து மூன்று பேர் அழைப்பது மேல். புதிதாக வருபவரிடம் 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?' என்று கேட்டு, அதே கேள்வி நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில், மக்கள் என்ன வார்த்தையைத் தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். அங்கே நாம் எதிர்பாராத கேள்வி தென்பட்டால், அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய கட்டுரைகளைத் திறந்து, மாறிய விலையையும் தொலைபேசி எண்ணையும் திருத்த வேண்டும். யாரும் படிக்காத கட்டுரைக்குத் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம்.

எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்

பிரியாணி கேட்டரிங் செய்பவரிடம் '100 பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கறி வேண்டும்?' என்று வாராவாரம் கேட்கிறார்கள். தையல்காரரிடம் 'புர்காவுக்கு எத்தனை மீட்டர் துணி?' என்று கேட்கிறார்கள். ஹஜ், உம்ரா பயண ஏற்பாட்டாளரிடம் 'முதல் முறை போகும் வயதானவர்களுக்கு என்னென்ன எடுத்து வைப்பது?' என்று கேட்கிறார்கள். ஆரணி அரிசி மண்டிக்காரரிடம் 'புது அரிசி ஏன் குழைகிறது?' என்று கேட்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அவரவருக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயற்சி செய்வது நம் பொறுப்பு. இன்று கடைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துச் செல்வோம். முதலில் வருபவர் கேட்கும் கேள்வியை அதன் முதல் வரியில் எழுதுவோம். இந்த வாரக் கடைசிக்குள் அதற்கு ஒரு பக்கத்தில் உண்மையான பதிலை எழுதி முடிப்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு இதே நாளில் நம்மிடம் 24 பதில்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு எங்கோ இருக்கும் ஒரு குடும்பம் கண்ணமங்கலத்துக்கு வழி கேட்டு அழைக்கும்.